முரண்பாடில்லாத சாட்சி

செருப்பை உள்ளேயே விடுங்கள் மேடம். வாசலில் விட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். போலீஸ் குடியிருப்புக்குத் திருடன் வரமாட்டான், நாய் வரும். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

அபி உள்ளே இருக்கிறாள். கூப்பிடுகிறேன். கூப்பிடாமல் எங்கே போகப்போகிறேன்? அதற்கு முன்னால் நான் கொஞ்சம் பேசிவிடுகிறேன். நீங்கள் பெரிய டாக்டர் அனுப்பி வந்தவர்கள். உங்களைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது. வாங்க என்று சொல்லவும் வராது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

உங்கள் பேர் என்ன சொன்னீர்கள்? மீனலோசனி. சரி. நான் தவசிமணி, ஏட்டு. ஸ்டேஷனில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், ரைட்டர் என்பார்கள். விசாரித்தது இன்ஸ்பெக்டர் என்று இருக்கும், எழுதியது நானாக இருக்கும். சாட்சி வந்து நின்றால் அவன் வாயிலிருந்து எது வரவேண்டுமோ அதை வரவழைத்து எழுதுகிறவன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. ஆகையால் கேள்வி கேட்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் ஆட்கள் இரண்டு பேரும் சொல்லித்தரப் பார்த்தார்கள்.

ஜெயராணி, மேடத்துக்குக் காப்பி. என் சம்சாரம் மேடம். சர்க்கரை போடலாமா? போடு போடு, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் மகள் அபி பதினொன்றாம் வகுப்பு. காலாண்டுப் பரீட்சையில் வேதியியல் தாளில் பேரும் நம்பரும் எழுதிவிட்டு, மணி அடிக்கிறவரை உட்கார்ந்திருந்து, வெள்ளைத்தாளை அப்படியே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். திமிர். வேறென்ன? பத்தாம் வகுப்பில் ஸ்கூலிலேயே இரண்டாவதாக வந்தவளுக்கு ஒரு வரிகூடவா தெரியாது? டீச்சர் கேட்டதற்கு, "எழுதணும்னு தோணல மிஸ்" என்றாளாம். நான் அங்கே இருந்திருந்தால் தோன்ற வைத்திருப்பேன். அந்த அம்மா ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்விட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு விட்டார். யூனிபார்மோடு போனேன். யூனிபார்மோடு போனவனை நிற்கவைத்தே பேசினார்.

"ஆஸ்பத்திரியில காட்டி ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க சார். அதுவரைக்கும் கிளாஸுக்கு அனுப்ப வேணாம்."

"காய்ச்சல்னா காட்டலாம். இவளுக்கு என்னத்தைக் காட்டுறது?"

"மனசைக் காட்டுங்க."

மனசை. எக்ஸ்ரேயில் விழுமா அது?

சரி, லெட்டர் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள் என்று பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் பெரிய டாக்டர் நல்ல மாதிரிதான் பேசினார். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறோம், யார் கேட்டாலும் அதே வார்த்தை, அதே வரிசை, ஒரு பிள்ளையை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்போம், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம், அப்போதுதான் அந்தத் தாளை நம்பலாமா கூடாதா என்று தெரியும் என்றார். அது எனக்குப் பிடித்தது. மறைக்கமாட்டேன். அட, இது நம் வேலை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். ஒரே கேள்வி, ஒரே வரிசை, சாட்சிக்குச் சாட்சி ஒத்துப்போகவேண்டும். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே என் கையை ஒடித்திருக்கவேண்டும்.

முதலில் வந்தவள் பிளெஸ்ஸி. படிப்பை முடித்து நேற்று வெளியே வந்த மாதிரி ஒரு பெண், தோளில் துணிப்பை. அபியை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம். நான் வெளியே பெஞ்சில். உள்ளே சத்தமே இல்லை. கேள்வி கேட்க வந்தவள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டாமா? பிறகு அபி சொல்லித்தான் தெரிந்தது, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளாம். பிள்ளை வாய் திறக்கிற வரைக்கும் சும்மா இருப்பாளாம். அது விசாரணையா மேடம்? ஆளைச் சும்மா உட்காரவைத்தால் எதையாவது சொல்லத்தான் செய்வான். சும்மா இருக்கிற கஷ்டத்துக்கே சொல்வான். நாங்களும் செய்வதுண்டு, ஆனால் அது திருடனுக்கு.

அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். பெற்றவர்களையும் அதே கேள்விகளைக் கேட்கவேண்டுமாம். "அபிநயா இப்பல்லாம் சோகமா இருக்காளா சார்?" இல்லை. "முன்னாடி ஆசையா செஞ்சதையெல்லாம் விட்டுட்டாளா?" இல்லை. தூக்கம்? தூங்குகிறாள். சாப்பாடு? சாப்பிடுகிறாள். ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொடுத்தேன். பாராட்டவேண்டாமா? அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டு, "சார், மூணு மாசமா கோயில் பந்தோபஸ்துல வெளியூர்ல இருந்ததா சொன்னீங்களே" என்றாள். இருந்தேன். அதனால் என்ன? வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டுதான் இருந்தேன். வந்த அன்றைக்கெல்லாம் அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். பகலிலும் தூங்கினாள்.

"அம்மாகிட்டயும் ஒரு தடவை கேட்டுரலாமா சார்?"

எதற்கு? நான்தான் சொல்லிவிட்டேனே. ஒரு வீட்டுக்கு எத்தனை வாக்குமூலம்? மேற்படியார் சொன்னதையே நானும் சொல்கிறேன் என்று ஒரு வரி போட்டுக்கொள்ளம்மா என்றேன். நாங்கள் அப்படித்தான் போடுவோம். அவள் போடவில்லை. பிடிவாதம்.

கடைசியில் ஒன்று கேட்டாள் பாருங்கள். "செத்துப்போனா நல்லாருக்கும்னு அவ எப்பவாவது சொல்லியிருக்காளா சார்?" மேஜையைத் தட்டிவிட்டேன். தட்டியது தப்பில்லை.

"இதை அவகிட்டயும் கேட்டியா?"

"எல்லார்கிட்டயும் கேக்குறதுதான் சார்."

"இல்லாததைப் பிள்ளை காதுல போடுறியா? யாரு உன்னை இந்த வேலைக்கு விட்டது?"

"கேக்குறதால வராது சார். கேக்காம விட்டாத்தான் பயம்."

எனக்குப் பயம் சொல்லித்தருகிறாள். பிணவறை வாசலில் நின்று பிண விசாரணைக்குப் பஞ்சாயத்தார் கையெழுத்து வாங்குகிறவன் நான். எனக்கு!

அவள் எழுதிக்கொடுத்தது என்ன? கடுமையான மனச்சோர்வு. உடனே வைத்தியம் ஆரம்பிக்கவேண்டும், ஆஸ்பத்திரியில் சேர்ப்பது நல்லது, தனியாக விடக்கூடாது. ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து கண்டுபிடித்தது.

என்ன விஷயம் என்று எனக்கா தெரியாது? பதினாறு வயசுப் பெண் ஒரு மாதிரி இருந்தால் என்னவாக இருக்கும்? பையன். விசாரிக்காமல் விடுவேனா? போனை வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை மேடம். சுத்தம். ஜூன் மாதத்திலிருந்து யாருக்கும் ஒரு மெசேஜ் போகவில்லை. யாரிடமிருந்தும் வரவில்லை. முன்னால் கோ-கோ டீம் பிள்ளைகள் ராத்திரி பகலாக அனுப்பிக்கொண்டிருப்பார்கள், அதுகூட இல்லை. அப்படி ஒரு போன் உலகத்தில் இருக்குமா? எவ்வளவு பொறுமையாக ஒவ்வொன்றாக அழித்திருக்கிறாள் பாருங்கள்.

அதற்கப்புறம் கீழ்வீட்டு அம்மா சொன்னார், "உங்க பொண்ணு சாயங்காலமானா மொட்டைமாடி ஓரத்துல போய் நிக்குதுங்க. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குது" என்று. யாரைப் பார்க்க? நானே மேலே போய் அதே இடத்தில் நின்று பார்த்தேன். எதிரே பரேடு மைதானம், ஈ காக்கை கிடையாது. வலது பக்கம் தண்ணீர்த் தொட்டி. கீழே சிமெண்டுத் தரை. ஒருத்தன் நின்று சைகை காட்ட இடமே இல்லை. அவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். சாவி பெல்ட்டில் இருக்கிறது. எவனாக இருந்தாலும் நின்று நின்று கால் வலித்துப் போய்விடுவான்.

என்ன எழுதுகிறீர்கள்? மாடியையா? அதை ஏன் எழுதுகிறீர்கள், அது காதல் விவகாரம், உங்கள் தாளில் அதற்கு இடம் கிடையாது.

இப்படித்தான் பிளெஸ்ஸியும் வேண்டாததையெல்லாம் எழுதிக்கொண்டாள். கோ-கோ ஷூவையும் மெடலையும் வெள்ளிக் கொலுசையும் அபி பி பிளாக்கில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். "எனக்கு இனிமே எதுக்குப்பா" என்றாள். ஷூ போகட்டும், கொலுசு நான் வாங்கித்தந்தது, போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பினேன், வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தக் குழந்தை அழுததாம். முடிந்தது விஷயம். அதை ஒரு பத்தி எழுதியிருக்கிறாள் பிளெஸ்ஸி. இருக்கிறதைத் தூக்கிக்கொடுத்தால் நோயா? அப்படியென்றால் நாட்டில் கொடுக்கிறவனையெல்லாம் பிடித்து வார்டில் போடுங்கள்.

காப்பி குடியுங்கள். ஆறிவிடும். நீ ஏன் நிக்கிற ஜெயராணி? போய் வேலையைப் பாரு.

பெரிய டாக்டரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர், எப்படியும் இரண்டாவது ஆள் கேட்கத்தான் போகிறார், பத்து நாள் கழித்துக் கூட்டி வாருங்கள் என்றார். பத்து நாள். அது போதும் எனக்கு.

சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் நாங்கள் ஒன்று செய்வோம். ஞாபகப்படுத்துவோம். சொல்லிக்கொடுப்பது இல்லை மேடம், சொல்லிக்கொடுப்பது குற்றம். ஞாபகப்படுத்துவது. நீ இன்னது பார்த்திருக்கிறாய், இன்னது சொல்லியிருக்கிறாய், வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்டால் தெரியாது என்று சொல், வளவளவென்று பேசாதே. இவ்வளவுதான். கேள்விகள் எனக்கு மனப்பாடம், என்னையும் கேட்டார்கள் அல்லவா? உங்கள் தாளில் ஒரு ஓட்டை இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்துதான் இருக்கும். முதல் பக்கத்துக் கேள்விகளுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த பக்கங்களைக் கேட்கவே வேண்டியதில்லை, தாண்டிப் போய்விடலாம். என்னைக் கேட்டபோது பிளெஸ்ஸி அப்படித்தான் புரட்டிக்கொண்டு போனாள். நான் கவனித்தேன். அவள் என்னைப் படித்துக்கொண்டிருக்கிறதாக நினைத்தாள், நான் அவள் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அபியை நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதல் நாள் அழுதாள். "அழுதா எப்படிம்மா, கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றேன். அடுத்த நாள் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் வந்துவிட்டது. இல்லை, இல்லை, இல்லை. தினமும் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவை. சொல்லி முடித்தால் சாப்பாடு. அடிக்கவில்லை மேடம். பிள்ளைமேல் நான் கையை ஓங்கியதே கிடையாது. வேண்டுமானால் ஜெயராணியைக் கேளுங்கள். ஜெயராணி, நான் அடிச்சிருக்கேனா? இல்லை. பார்த்தீர்களா?

ஒரு நாள் அவளே கேட்டாள். "எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லிட்டா என்னை விட்டுருவீங்களாப்பா?"

"விட்டுருவேன்."

"அப்ப சொல்லிடுறேன்."

புத்திசாலிப் பெண். எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள்.

இரண்டாவது வந்தவர் சதானந்தம். தங்கமான பையன். குறுந்தாடி வைத்திருக்கிறார், அதை மட்டும் எடுத்துவிட்டால் போதும். அன்றைக்கு வெளியே ஏகப்பட்ட கூட்டம். அவரும் என்னை வெளியே இருக்கச் சொன்னார். "பொம்பளைப் பிள்ளை சார், ஆம்பளை தனியா கேக்குறதுக்கு நான் எப்படி விடுவேன்?" என்றேன். வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார், சரி உட்காருங்க என்றார். அபிக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். அவர் வாசித்தார், அவள் சொன்னாள். இல்லை, இல்லை, இல்லை. பக்கம் பக்கமாகத் தாண்டினார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. நோய் எதுவும் தென்படவில்லை என்று எழுதினார். எழுந்து நின்று கும்பிட்டேன்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஒரே தாள், ஒரே வார்த்தை, ஒரே பிள்ளை. பத்து நாளில் இரண்டு பதில். ஒருத்தி ஆஸ்பத்திரியில் சேர் என்கிறாள், ஒருத்தர் வீட்டுக்குப் போ என்கிறார். காலையில் ஒரு கிலோ காட்டிய தராசு சாயங்காலம் முக்கால் கிலோ காட்டினால் கடைக்காரனைப் பிடித்துக் கேஸ் போடுவார்கள். நீங்கள் தராசைத் தூக்கிப் போடாமல் நிறுப்பதற்கு மூன்றாவது ஆளை அனுப்புகிறீர்கள். வெட்கமாக இல்லையா?

என்ன சொன்னீர்கள்? நிறுக்கும்போது தட்டில் யார் கை இருந்தது என்று பார்க்கவேண்டுமா? நன்றாகப் பேசுகிறீர்கள். இவ்வளவு நேரம் வாயே திறக்கவில்லை, திறந்தால் இது. கை வைத்தது பிளெஸ்ஸி. அவளைப் போய்க் கேளுங்கள்.

என் கையில் முரண்பாடே வராது மேடம். பஸ் ஸ்டாண்டில் ஒரு அடிதடி, பதினொரு சாட்சி. பூக்காரம்மா, பரோட்டா மாஸ்டர், கண்டக்டர், யார் யாரோ. வந்தவன் ஒவ்வொருத்தனும் எங்கேயோ ஆரம்பிப்பான். பூக்காரம்மா அவர் மருமகளிடமிருந்து ஆரம்பித்தார். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வேண்டியதை மட்டும் எடுத்து எழுதினேன். பதினொன்றும் ஒரே மாதிரி. ஒரு எழுத்து மாறாது. எதிரே நிற்கிற வக்கீல், எப்படி ஐயா பதினொரு பேரும் ஒரே வாய் மாதிரி பேசுகிறார்கள் என்று கோர்ட்டில் கேட்டார். உண்மை என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன். கேஸ் என்ன ஆனதா? விடுதலை. அது வேறு விஷயம். அந்த நீதிபதி சரியில்லை.

சரி. மூன்றாவது ஆள் சொல்வதுதான் முடிவு என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் சதானந்தம் பக்கம் என்றால் எனக்கு லெட்டர், திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போவாள். பிளெஸ்ஸி பக்கம் என்றால் வார்டு. என் பிள்ளை வார்டில். அவள் எஸ்.ஐ. தேர்வு எழுதி வரவேண்டியவள் மேடம். நான் ஏட்டோடு நின்றுவிட்டேன். நேற்று வந்த பையனுக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறேன். அவள் தோளில் நட்சத்திரத்தோடு வந்து நிற்கும்போது நான் அடிக்கிற சல்யூட் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். மனநோய் என்று ஒரு வரி எங்கேயாவது இருந்தால் யார் எடுப்பார்கள்? அந்த ஒரு வரியை நீங்கள் எழுதப்போகிறீர்களா, எழுதாமல் போகப்போகிறீர்களா? அவ்வளவுதான் கேள்வி.

தனியாகவா? அது முடியாது. பிளெஸ்ஸியிடம் தனியாக விட்டுத்தான் இவ்வளவும். என் முன்னால் கேளுங்கள். ஏன், நீங்கள் கேட்கவே வேண்டாம். நானே கேட்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் ஒன்றுதான் என்பதுதானே உங்கள் கொள்கை? அந்த யாரில் நான் சேர்த்தி இல்லையா?

அபி! இங்க வாம்மா. மேடத்துக்கு வணக்கம் சொல்லு. சத்தமாச் சொல்லு.

தலைமுடியா? அவளே கத்தரித்துக்கொண்டாள். சீவ முடியவில்லையாம், கை வலிக்கிறதாம். போலீஸில் சேர்ந்தால் எப்படியும் வெட்டத்தானே வேண்டும்.

உக்காரு. நிமிர்ந்து உக்காரு. அப்பா கேக்குறேன், மேடம் எழுதிக்குவாங்க. சரியா?

"இப்பல்லாம் சோகமா இருக்கியா?"

"இல்ல."

"முன்னாடி பிடிச்சதெல்லாம் இப்பப் பிடிக்காமப் போச்சா?"

"இல்ல."

"தூக்கம் வராம இருக்கா?"

"இல்ல."

"சாப்பிடப் பிடிக்கலையா?"

"இல்ல."

கவனித்தீர்களா மேடம், நான் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிடுகிறது. யோசித்தால்தான் பொய் வரும். யோசிக்கிற இடமே இல்லை.

"எதுக்குப் பொறந்தோம்னு தோணுதா?"

"இல்ல."

பிளெஸ்ஸி கேட்ட அந்தக் கேள்வியை நான் கேட்கப்போவதில்லை. அது என் வாயில் வராது. நீங்களே இல்லை என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? சரி. இதெல்லாம் நான் ஞாபகப்படுத்தியது என்று நாளைக்கு நீங்கள் எழுதக்கூடாது பாருங்கள். தாளில் இல்லாத ஒன்று கேட்கிறேன். நான் அவளிடம் ஒருநாளும் கேட்காத ஒன்று. இதற்கு என்ன பதில் என்று நான் சொல்லிவைக்கவில்லை. சத்தியமாக.

"அபி, நீ சந்தோஷமாத்தானே இருக்க?"

"இல்ல."

பழக்க வேகம் மேடம். வாய் அப்படியே ஓடுகிறது. கோர்ட்டிலும் நடக்கும், பேர் என்ன என்று கேட்டால் தெரியாது என்பான். பொறுங்கள்.

"அபி, கேள்வியைக் கவனிச்சுக் கேளு. அது வேற, இது வேற. சந்தோஷமா இருக்கியான்னு கேட்டேன்."

"இல்லப்பா."

"அபி."

"இல்லப்பா. கேட்டுச்சுப்பா. இல்ல."

எழுதாதீர்கள். பேனாவை வையுங்கள். அதுதான் தாளில் இல்லாத கேள்வி என்று சொன்னேனே, அதை எப்படி எழுதுவீர்கள்? முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? நீங்கள் வைத்த முறைதானே?

எங்கே எழுந்துவிட்டீர்கள்? அபி, உக்காரு. அப்பா சொல்றேன்ல, உக்காரு. மேடம், அது அவள் படுக்கிற அறை, அங்கே நாற்காலி கூடக் கிடையாது. அவள் ஏன் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்? விடு. விடுன்னு சொல்றேன்.

ஜெயராணி, நீ ஏன் குறுக்க வர்ற? தள்ளு. உன்னைத்தான், தள்ளுடி. கையில என்ன, தம்ளரை வை, கொட்டிடப்போகுது. ஏய், வழியை விடு.

தாழ்ப்பாள் எதற்கு மேடம்? கதவைத் திறங்கள். மைனர் பிள்ளை. நான் தகப்பன், என் சம்மதம் இல்லாமல் நீங்கள் கேட்கமுடியாது. கையெழுத்துப் போட்டேன், போட்டதை வாபஸ் வாங்குகிறேன். கேட்கிறதா? அபி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நமக்குள்ள பேசினது ஞாபகம் இருக்குல்ல?

மேடம், என்ன செய்கிறீர்கள் உள்ளே? சத்தமே இல்லையே. நீங்களும் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்கள் எல்லோருக்கும் இதுதான் படிப்பா? கேளுங்கள், கேட்டுத் தொலையுங்கள், தாளில் இருக்கிறதைக் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

என்ன ஜெயராணி? இழுக்காத. எங்க கூப்பிடுற? அடுப்பங்கரையில எனக்கு என்ன வேலை?

இந்தச் சுவரா? இதுல என்ன?

கேக்குது. அபிதான். இங்க வந்தா இவ்வளவு நல்லாக் கேக்குமா? இந்தக் குடியிருப்பைக் கட்டினவன் சுவர் வெச்சானா அட்டை வெச்சானா.

பேசுறா. நிறுத்தாமப் பேசுறா. இவ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. அழுதுட்டே பேசுறா. எதுவும் புரியல. உனக்குப் புரியுதா? எப்படிப் புரியுது?

இந்த ஸ்டூல் எதுக்கு இங்க கிடக்கு, சுவத்தை ஒட்டி? அடுப்பு அந்தப் பக்கம்ல இருக்கு. இங்க உக்காந்து என்ன பண்ணுவ?

தினமுமா?

என்கிட்ட ஏன்டி... சரி, கத்தல. கத்தல. உக்காரு. அவ எப்பல இருந்து இப்படி அழுறா? சொல்லு. எதைப் பார்த்து முழிக்கிற, என் கையையா? ஒண்ணும் இல்ல பாரு, பேனா இல்ல. நான் எழுதப் போறதில்ல. நீ சொல்லு.